தொங்கினால் நேராகும் முதுகு

உடல்தகுதிச் சான்றில் ஐயம் எழுந்தால், விண்ணப்பதாரரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு மேலிடத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். விதி இதுதான். அலுவலகத்திலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். என் அத்தைக்கு அது தேவைப்பட்டபோது எனக்கு வாய்ப்பாடுகூட முழுதாகத் தெரியாது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. வயதுக்கு வந்த வருஷம் அவள் முதுகு காரணமே இல்லாமல் வலப்பக்கம் புடைத்து வளையத் தொடங்கியது. தண்ணீர்க் குடம் சுமந்ததால் என்றார்கள். சாமி குத்தம் என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்று, முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டாவது தேறியிருந்தாள், அந்தக் காலத்தில் அது போதும்; சேலத்துக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று அப்பா முடிவு செய்தார். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் அண்ணன் வீட்டு அடுப்படிதான். அந்த அடுப்படி அம்மாவுடையது என்பதால், பெண் கல்வியை அம்மாவும் மனமார ஆதரித்தாள்.

அந்த ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டியிருந்தார்கள். ஊஞ்சலைத்தான் எங்கள் பக்கம் தூரி என்போம். அத்தை பலகையில் உட்காராமல் கயிறுகளைப் பிடித்துத் தொங்கினாள். கால் தரையை விட்டதும் நெளிந்திருந்த முதுகு நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

"அத்தே, உன்ற முதுகு நேராயிருச்சு!" என்று கத்தினேன்.

பயிற்சியில் சேர உடல்தகுதிச் சான்று எழுத வேண்டிய சேலத்து டாக்டர் அவளை நிற்க வைத்துப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். அவர் என்ன எழுதப்போகிறார் என்பது அப்பாவின் முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க டாக்டருங்க, தொங்கிக் காட்டட்டுங்களா?" என்றாள் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டார். "தொங்கிக்கிட்டேதான் பாடம் நடத்துவியாம்மா?"

"முதுகுதானுங்க கோணல். எழுத்து நேராத்தானுங்க வரும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கதவுநிலையைப் பிடித்துத் தொங்கச் சொல்லி, முதுகில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். இறக்கி, வலப்பக்கம் சாயச் சொன்னார். அப்போதும் வளைவு கரைந்தது.

"இன்னும் இறுகலை, வளைஞ்சு குடுக்குது" என்றார்.

முதுகு கோணலா என்று படிவம் கேட்டது; எந்த நிலையில் என்று கேட்கவில்லை. டாக்டர் நல்லவர். பொய் எழுதவும் மனமில்லை, அவளைக் கைவிடவும் மனமில்லை. நிற்கும்போது உண்டு, தொங்கும்போது இல்லை, ஏற்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம். திரும்பும் வழியில் அப்பா அம்மாபேட்டையில் வண்டியை நிறுத்தி, பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிப்போக அத்தைக்கு ஒரு நூல்சேலை வாங்கினார்.

பதில் வராமல் சேர்க்க மாட்டோம் என்றது பள்ளி. ஆடி முடிந்தும் தூரியை அவிழ்க்க அத்தை விடவில்லை. டாக்டரின் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதென்று தினமும் காலையில் தொங்கினாள். பின்னால் நின்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். முதல் வருஷம் "நேரா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவேன். அடுத்த வருஷம் கொஞ்சம் வளைவு மிச்சம் நின்றது. அதற்கும் அடுத்த வருஷம், தரையில் இருந்த வளைவு அப்படியே அவளோடு மேலே எழும்பியது.

"ஒழுங்காத் தொங்கு அத்தே, ஏமாத்தாதே!" என்று அதட்டினேன்.

"சரி சாமி" என்று இன்னொரு முறை எம்பினாள்.

வளர்த்தி நின்றால் முதுகும் இறுகும், கோப்பு காத்திருப்பதுபோல அது காத்திருக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நூல்சேலையை அவள் அதற்குள் அடுப்படியில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

விண்ணப்பதாரரைத் தொங்கும் நிலையில் மறுபரிசோதனை செய்து, முதுகு நேராக இருப்பின் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அன்றைக்கு மூன்றாம் வருஷத்து ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.