பவுடர் பூசிய கௌபாய்

நான் ஒரு மடையன். ஆனால் எல்லாம் தெரிந்த மடையன். யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் பார்த்த படங்களை வைத்து, அமெரிக்க மேற்கில் குதிரை ஏறியவன் எல்லாம் வெள்ளைக்காரன்தான் என்று இந்த வயது வரைக்கும் நம்பியிருந்தேன்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் நான்காம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். சரித்திரத்தில் ஒருவரைத் தெரிவுசெய்து, அவரைப் போல உடுத்துக்கொண்டு பேச வேண்டும். முதல் நாள் பெற்றோருக்கு முன்னால், மறுநாள் மற்ற வகுப்புகளுக்கு முன்னால். அவள் நூலகத்தில், அமெரிக்க மேற்கில் வாழ்ந்த ஒரு கறுப்பினச் சட்டக்காவலரைக் கண்டுபிடித்தாள். அடிமையாகப் பிறந்து, பிறகு கொள்ளையரைத் துரத்திப் பிடித்தவர். அப்படி ஒருவர் இருந்திருக்கவே மாட்டார் என்று வகுப்பில் சிலர் சிரித்திருக்கிறார்கள். அவர்களை நம்ப வைக்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே யோசனை.

"கௌபாயில கறுப்பர் இல்லை, பிள்ளை. நான் பார்க்காத படமே?"

"படம் பார்த்தாக் காணுமோ அப்பா? இந்தப் புத்தகத்தை வாசியுங்கோ."

வாசிக்கவில்லை. தொப்பி வாங்கினேன், சட்டையில் குத்த வெள்ளித்தாளில் காவலர் நட்சத்திரம் வெட்டினேன்.

மேடை ஏறும் பிள்ளையைப் பவுடர் போடாமல் அனுப்ப எங்கள் சனத்துக்கு மனம் வராது. பள்ளி வாசலில், காருக்குள் வைத்தே அவள் முகத்தில் பூசினேன். கௌபாய் ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். அவள் கண்ணாடி பார்க்காமல் இறங்கி ஓடினாள்.

"நான் ஒரு கறுப்பினக் காவலர்" என்று அவள் தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு பையன் கேட்டான்:

"அப்ப ஏன் வெள்ளையா நிக்கிறாய்?"

வகுப்பே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன். அவள் வகுப்பறை மூலையிலிருந்த குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு வந்து, முதலிலிருந்து தொடங்கினாள். அந்த மனிதருக்கு எழுத வாசிக்கத் தெரியாதாம். பிடியாணைகளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டுதான் குதிரை ஏறுவாராம். மாடு மேய்த்துப் போன கௌபாய்களிலும் விடுதலையான அடிமைகள் நிறையப் பேராம். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

காரில் ஏறியதும் சொன்னேன்:

"நல்லாக் கதைச்சாய், பிள்ளை. நாளைக்கும் அப்பாவே கூட்டிக்கொண்டு வாறன்."

அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, டேனிஷில் சொன்னாள்:

"அம்மா வரட்டும்."