உருளைக்கிழங்கு பூக்கும்வரை

என் கொழுந்தன் தல்சு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். இந்தக் கங்வொன் மலையில் முட்டைக்கோசு போட்டுப் பிழைத்தவன். அவனுக்குப் பெண் தெற்கே கடலோரத்தில் அமைந்தது. எங்கள் மாமியாரின் தம்பி பெண்டாட்டி வழியில் வந்த சம்பந்தம். பெயர் யொங்னே.

வரும்போது தாய்வீட்டு வேலியிலிருந்து ஒரு முகுங்வாச் செடியை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்தாள் என் ஓரகத்தி. செம்பருத்திச் சாதிதான், ஆனால் பனி தாங்கும். இலை மூன்றாகப் பிரிந்து ஓரமெல்லாம் பல்லாக இருக்கும். பூ வெள்ளை, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு. கிணற்றடியில் நட்டாள். கடலோரத்துச் செடி இந்த மலையில் நிற்குமா என்று ஊரே சிரித்தது.

அந்தக் குளிர்காலம் கூரை விளிம்புவரை பனி ஏறியது. அவள் இருமி இருமி இளைத்துப்போனாள்.

"அக்கா, இது துளிர்த்தா நானும் இருப்பேன். இல்லேன்னா எங்கம்மாகிட்டயே போயிடறேன்" என்றாள் என்னிடம். விளையாட்டுப் பேச்சில்லை. தல்சு காதிலும் அது விழுந்தது. செடிக்கு வைக்கோல் சுற்றிவிட்டு வந்தான்.

பனி உருகி, முன்னோர் கல்லறையைச் சீர்செய்யும் ஹன்சிக் நாள் வந்தது. அன்றைக்குக் கல்லறையைத் தொட்டாலும் மரத்தை வெட்டினாலும் தோஷம் ஒட்டாது. அதனால் தள்ளிப்போட்ட வெட்டு வேலையெல்லாம் அன்றைக்குத்தான். மலைச்சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்க, கிணற்றடியில் மட்டும் மொட்டைக் குச்சிகள். கல்லறை வேலை முடித்து ரம்பத்தோடு வந்த என் வீட்டுக்காரர், செத்த செடி என்று அடியோடு அறுத்து அடுப்பில் வைத்துவிட்டார்.

யொங்னே உள்ளே போய்த் ஊருக்குப் போகத் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

தல்சு அடிக்கட்டை அருகே குந்தி நகத்தால் பட்டையைச் சுரண்டினான். உள்ளே ஈரப் பச்சை. வாசலில் வந்து நின்றான்.

"உருளைக்கிழங்கு பூக்கிற வரைக்கும் இரு."

"அப்பவும் வரலேன்னா?"

"நானே கொண்டுபோய் விடறேன்."

எல்லா மரமும் தழைத்துவிட்டது. கட்டை அப்படியே கிடந்தது. வயலில் உருளை மொட்டுவிட்ட வாரம், மண்ணை ஒட்டிச் சிவந்த முளைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. வீட்டார் எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு எழுந்துவருகிற மருமகள் என்று என் வீட்டுக்காரர் அந்தச் செடியைக் கேலி செய்தார்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முளை ஆளுயரம் போனது. புதுக் கிளையெல்லாம் பூ, ஒவ்வொன்றும் சோற்றுக் கிண்ணம் அகலம். அவள் தாய்வீட்டிலேயே இத்தனை பெரிதாகப் பூத்ததில்லையாம். விடியலில் விரிந்தது சாயங்காலம் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு விழும். மறுநாள் விடியலில் வேறு பூக்கள் விரிந்து நிற்கும். கோடை முழுக்க இப்படியே. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் சேந்த மறந்து நின்றிருக்கிறேன்.

சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன் கல்லறைப் புல் அறுக்கப் புறப்பட்ட என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"டேய் தல்சு, நான் அறுத்ததாலதான்டா இப்படிப் பூக்குது."

"ஆமா மாமா" என்றாள் யொங்னே. "அடுத்த ஹன்சிக்குக்கும் வந்து அறுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தல்சு ரம்பத்துக்கு எண்ணெய் தடவிக் கிணற்றடி ஆணியில் மாட்டினான்.