சுகம் விசாரிக்காத கடிதம்

எங்கள் கிண்ணியாவில் அடுத்த வீட்டுக்கு உப்புக் கேட்கப் போகிறவர்கள் உப்பைக் கேட்கமாட்டார்கள். குசினி வாசலில் குந்தி, பிள்ளையின் இருமலை விசாரித்து, வேளாண்மையை விசாரித்து, மழையைக் கொஞ்சம் ஏசிவிட்டு, எழும்பும்போதுதான் "குழம்பு அடுப்பில கிடக்கு" என்பார்கள். வீட்டுக்காரி விளங்கிக்கொண்டு உப்பை எடுத்துக் கொடுப்பாள். நேரே கேட்பது மரியாதைக்கேடு. உம்மா காக்கா என்று கூப்பிடும் அண்ணன், அதாவது என் மாமா, அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதியதும் இந்த முறையில்தான்.

ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் மாமாவிடம்தான் வருவார்கள். அவர் கடிதத்தில் முற்றுப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய மனிதரிடம் கதைக்கும்போது நடுவில் புள்ளி வைப்பது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி என்பார்.

அந்த வருடம் என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, பள்ளிக்கூடத்து ஓ. எல். பொதுச் சோதனை எழுத இருந்தாள். சோதனை மண்டபம் திருகோணமலை டவுனில். துறையைக் கடக்க, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய மிதவை ஒன்று இருந்தது; அதைப் பாதை என்போம். காலையில் முதல் பாதையில் ஏறினாலும், அக்கரையில் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மண்டபக் கதவு பூட்டியிருக்கும். மாரிக் காற்றில் குமர்ப்பிள்ளையைத் தோணியில் ஏற்ற வாப்பா சம்மதிக்கவில்லை. டவுனில் தங்குவதற்குச் சொந்தக்காரர்களும் இல்லை. சோதனை தவறினால் அடுத்தது கலியாணம். புல்மோட்டையில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. உம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. அதையும் அவர் ஊர் முறைப்படியே வாப்பாவிடம் சொன்னார்: "புள்ளைக்குப் படிப்பு நல்லா ஓடுது போல." வாப்பா "ஓம்" என்றுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

சோதனை நாட்களில் பாதையை இன்னும் வேளைக்கு விடும்படி கேட்டு மாமா கந்தோர் அதிகாரிக்கு எழுதினார். பக்கம் முழுவதும் புள்ளியே இல்லாத ஒரே வசனம். அதிகாரியின் நீதி, அவருடைய குடும்பத்தின் ஆரோக்கியம், அவர் வந்தபின் பெய்த மழை எல்லாம் அதில் இருந்தன. கடைசியில், "பாதை பற்றிய எங்கள் சிறு குறையும் தங்கள் திருவுள்ளம் அறிந்ததே ஆகையால் அதனை விரித்துரைத்துத் தங்களைச் சிரமப்படுத்த விரும்பாதவனாய்" என்று நழுவியிருந்தார். அவர் உரக்க வாசித்தபோது அடுத்த வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கந்தோரிலிருந்து பதில் வந்தது: தங்கள் வாழ்த்துகளுக்கு நன்றி. அவ்வளவுதான். மாமாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை; அதைக் கொண்டுபோய்ச் சந்தையெல்லாம் காட்டிவிட்டு வந்தார். ராத்தா அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுத் தானே எழுதினாள்.

"கிண்ணியா மாணவிகள் சிலர் சோதனைக்கு டவுனுக்கு வர வேண்டும். முதல் பாதையில் வந்தால் மண்டபக் கதவு பூட்டிவிடும். ஆகவே சோதனை நாட்களில் மட்டும் காலை ஆறு மணிக்கு ஒரு பாதை விடும்படி கேட்கிறோம்."

மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"என்ன புள்ள இது, கடிதமா தந்தியா? ஒரு சலாம் இல்ல, ஒரு சுகம் விசாரிப்பு இல்ல. இப்பிடிக் கேட்டா ஆரு தருவான்?"

"உங்கட கடிதத்தில நாம என்ன கேட்டம், மாமா?"

"அது அவருக்கு விளங்கும்."

"விளங்கல்லியே. நன்றி சொல்லித்தானே எழுதியிருக்காரு."

மாமா கந்தோர்ப் பதிலை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். வைத்த கை சும்மா இருக்குமா? அடியில் கிடந்த வெறும் இடத்தில் "தங்கள் நீடித்த சுகத்தை வேண்டுகிறேன்" என்று நெருக்கி எழுதிவிட்டார்.

பாதை விட்டார்கள்! சோதனை நாட்களில் விடிந்தும் விடியாத நேரத்தில் ராத்தாவும் தோழிகளும் மாமாவின் காவலில் அக்கரைக்குப் போனார்கள். நான் துறையில் நின்று கை காட்டினேன்.

கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ராத்தா கையைக்கூடக் கழுவவில்லை.

"வாப்பா, எனக்கு இப்ப கலியாணம் வேணாம். நான் படிப்பிக்கப் போகோணும். ரீச்சர்மார்ட கொலிச்சுக்கு விண்ணப்பம் போட உடுங்க."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்: "ராத்தா, வாப்பாட சுகம் கேக்கல்லியே!" உம்மா என் தொடையில் கிள்ளினார். வாப்பா ராத்தாவைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், சோற்றைப் பிசைந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், விண்ணப்பத்தில நான் கையெழுத்து வெக்கிறன்" என்றார். வாப்பா கடைசியில், "ம். போட்டுப் பாக்கட்டும்" என்றார்.

உம்மா உடனே சட்டியில் கையை விட்டு, எப்போதும் வாப்பாவுக்கென்று ஒதுக்கும் பெரிய மீன் துண்டை எடுத்து ராத்தாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மரியாதையில்லாமல் பேசியவளுக்குப் பெரிய துண்டா என்று அழுதேன். சுற்றி வளைத்துக் கேட்டால், கொடுக்க மனமில்லாதவர் விளங்காத மாதிரி இருந்துவிடலாம் என்பதோ, உம்மா அந்த வீட்டில் எத்தனை வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. நான் அழுதது மீனுக்காக மட்டும்தான்.