கவரில் போட ஒரு படம்

சீயக்காய்த் தூள் கவரில் என்ன படம் போடுவது என்று தீர்மானிக்க இரண்டு ஆண்களுக்கு ஒரு வருஷம் பிடிக்குமா? எங்கள் வீட்டில் பிடித்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மொரப்பூரில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அங்கே அம்மாவின் சீயக்காய்த் தூளுக்கு நல்ல பெயர். தீர்த்தமலைக்குப் போக ரயிலிறங்குகிறவர்கள்கூடக் கேட்டு வாங்குவார்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தது போதாதென்று, எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. சேலத்தில் எல்லாச் சாமானும் அச்சடித்த கவரில் வருகிறதாம். நம் கடைப் பெயரிலும் ஒன்று வரவேண்டுமாம், மற்றக் கடைகளிலும் தொங்கவேண்டுமாம்.

பேச்சு எப்போதும் சாப்பாட்டு வேளையில்தான். மஞ்சளா பச்சையா, கடைப் பெயர் மேலேயா கீழேயா என்று அவர்கள் முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். இடித்துச் சலித்துத் தும்மித் தும்மிக் கண் சிவந்த அம்மா, அதை மறுபடி சுடவைத்துக் கொண்டுவருவாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் மகாலட்சுமி படம் என்று முடிவானபோதுதான் அப்பாவிடம் வாய் திறந்தாள்.

"சாமி படம் போட்டத எவளாச்சும் குளிக்கிற எடத்துக்குக் கொண்டுபோவாளாங்க?"

நல்ல காரியத்தில் குறுக்கே பேசாதே என்று அப்பா அடக்கிவிட்டார்.

கவர்கள் வந்தன. பெண்கள் வாங்கிப்போய், தூளை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைச் சாமி மாடத்தில் ஒட்டினார்கள். மாடத்தில் இடம் தீர்ந்ததும், பழையபடி பேப்பரிலேயே கட்டிக் கொடுங்கள் என்றார்கள். கிழித்துத் தெருவில் போட்டவர்களும் உண்டு. லட்சுமி காலில் மிதிபடுகிறாளே என்று பெரியப்பா வியாபாரத்தை விட்டுவிட்டுக் குனிந்து குனிந்து பொறுக்கினார். அம்மா சொன்னதுதான் நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுபடி பேச்சு, மறுபடி ஆறிய குழம்பு. இந்தத் தடவை நீளக் கூந்தலோடு ஒரு பெண் படம் என்றார்கள். அம்மாவுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அவளையே போட்டோ எடுத்துப் போட்டால் என்ன என்று அப்பா அதிசயமாக ஒரு நல்ல யோசனை சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டாள். மறுநாள் தலைக்குக் குளித்துச் சாம்பிராணிப் புகை காட்டினாள். கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாடப் போட்டாள். என்ன பண்டிகை என்று கேட்டேன். சும்மாயிரு என்றாள், ஆனால் சிரித்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்த பெரியப்பா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம வூட்டுப் பொம்பள கடைக்குக் கடை தொங்கணுமாடா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் மோர் கேட்டார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து மோர் ஊற்றினாள்.

அச்சகக்காரரே யாரோ ஒரு பெண்ணை வரைந்து அனுப்பினார். கவரின் பின்பக்கத்தில், தயாரிப்பாளர் என்று பெரியப்பா பெயர். வெயிலில் காய்கிற சீயக்காயை ஒருநாள்கூடத் திருப்பிப் போட்டிராத மனிதர்! தூள் என்னவோ நன்றாக விற்றது. அம்மா முன்போலவே இடித்தாள், சலித்தாள். கவரில் நிரப்பிப் பசை தடவியதும் அவள்தான். ஆனால் தன் தலைக்கு மட்டும் அதைத் தொடவில்லை. கடையிலிருந்து வாசனைச் சோப்பு எடுத்துவரச் சொல்லித் தேய்த்துக் குளித்தாள். முடி சிக்குப் பிடித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அவள் விடவில்லை.

எனக்கும் சோப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துச் சீயக்காயைத் தேய்த்தாள். நல்லதையெல்லாம் தனக்கே வைத்துக்கொள்கிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.