சைக்கிளுக்கு ஒரு வண்டி

மனிதனைச் சுமக்கத்தான் சைக்கிள் என்று பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சைக்கிளைச் சுமக்க ஒரு வண்டி தேடி மகனோடு அலைந்தேன்.

மகனுக்குப் பட்டுச்சேலை வியாபாரம். சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் சைக்கிள் ஓட்டு, இல்லையென்றால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் வீட்டுக்கு வந்தது. வந்து சுவரில் சாய்ந்துகொண்டது. அவன் ஏறவில்லை. எனக்குத் தூக்கம் போனது.

"இன்னாப்பா, ஓட்டலையா?"

"ஆரணியில நான் சைக்கிள்ல போனா இன்னா பேசுவாங்க நைனா? காரை வித்துட்டான், கடை படுத்துடுச்சுன்னுவாங்க. அப்புறம் ஜரிகைக்காரர் கடனுக்கு சரக்கு குடுப்பாரா?"

அந்தப் பயம் பொய்யில்லை. இங்கே ஒரு வியாபாரியின் செருப்பு தேய்ந்தாலே நூல் கடையில் நாலு பேர் கூடிப் பேசுவார்கள். ஆகவே அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்: யார் கண்ணிலும் படாமல் சைக்கிளை வண்டியில் ஏற்றி, களம்பூர் அரிசி ஆலைகளைத் தாண்டி இறக்கி, அங்கே ஓட்டுவது. அதற்கேற்ற பெரிய கார் பார்க்க வேலூர் போனோம்.

நான் அளந்து பார்க்க டேப் கொண்டுபோனேன். அவன் சேலைப் பெட்டிக் கணக்கில் பார்த்தான். "அம்பது பெட்டி புடிக்கும். ஒரு சைக்கிள் புடிக்காதா?"

சேலை மடியும், சைக்கிள் மடியாது. அதன் நீளம் அறுபத்தெட்டு அங்குலம். சீட்டை மடித்தும் காருக்குள் அறுபத்திரண்டுதான்.

"முன் சக்கரத்தைக் கழட்டிட்டா போயிடும் சார்" என்றார் விற்பனையாளர்.

"தினம் கழட்டி மாட்டிகினு இருந்தா நான் சேலைக் கடையா, பஞ்சர் கடையா?"

காரின் பின்னால் மாட்டும் ஸ்டாண்டைக் காட்டினார்கள். "ஊருக்கே காட்டிகினு போறதுக்கா?" என்று எழுந்துவிட்டான்.

கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது வாடகைக் குட்டியானை, அந்தச் சின்னச் சரக்கு வண்டி. முன்னால் அதில் சைக்கிள், தார்ப்பாய்க்குள் படுத்தபடி. பின்னால் ஏசி காரில் நாங்கள். ஒருவன் பெடல் மிதிப்பதற்கு இரண்டு இஞ்சின், எட்டுச் சக்கரம்.

பஜார் வேகத்தடையில் தார்ப்பாய் விலகிப் பளபளவென்று ஹேண்டில்பார் எட்டிப்பார்த்தது. நாங்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஜரிகைக்காரரின் போன்.

"இன்னாங்க, வீட்ல இருந்த சைக்கிளைக்கூட கடன்காரங்க வண்டி வச்சித் தூக்கிகினு போறாங்களாமே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஐயோ, நம்ம சைக்கிள்தாங்க! நான்தான் கொண்டுகினு போறேன்."

"சைக்கிளை எதுக்குங்க வண்டியில கொண்டு போவணும்?"

என் மகன் போனை வைத்தான். குட்டியானையை நிறுத்தி, நடுரோட்டில் சைக்கிளை இறக்கி, பஜார் வழியாக மணி அடித்துக்கொண்டே ஜரிகைக் கடைக்கு ஓட்டினான். மறுநாள் நூல் கடை. அதற்கடுத்து சாயக்காரர் வீடு. இப்போது ஒரு நாள் தவறினாலும் சைக்கிளையும் விற்றுவிட்டான் என்று பேசுவார்களாம், அதனால் மழையிலும் போகிறான். சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் தன் மாத்திரையை மெச்சிக்கொண்டார்.

எனக்கு இப்போது லாரிகளைப் பற்றிக் கவலை. ஹெல்மெட் வாங்கச் சொன்னேன்.

"தலையை மூடிகினா நான்தான்னு எப்படி நைனா தெரியும்?" என்றான்.