நான் வெள்ளையடித்த நாலு அடுப்படிகள்

வீடு முழுக்க வெள்ளையடிக்க ஆம்பளை வரலாம், அடுப்படிக்குள்ளே மட்டும் அவன் கால் வைக்கக் கூடாது. எங்க சிவகாசிப் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் அப்படித்தான். அதனால் எங்க வீட்டுக்காரர் கூடமும் வாசலும் அடிக்க, அடுப்படி என் பங்குக்கு வந்தது. எனக்கு இருபது வயசு. படிப்பு அஞ்சாப்பு. கைப்பிள்ளைக்கு ஏழு மாசம். உத்திரத்தில் தூளியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்றுதான் இதற்கு வந்தேன். பட்டாசுக் கம்பெனியில் பிள்ளையை வாசலுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

என்னிடம் ஒரே ஒரு குறை. அந்நிய மனுசர் முன்னால் எனக்கு வாய் வராது. அடுப்படிக்கு என்ன கலர் என்று உங்க வீட்டில் பேச்செடுத்த அன்றைக்கு என்ன பாடுபட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட ரகளைக்கு நடுவில், கையில் வாளியோடு, தெரிந்ததைச் சொல்லவும் தைரியமில்லாமல் நின்றவள் நான்.

மூணு தடவை நீலம்

முதல் வீடு எங்க பக்கத்துத் தெரு. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த அம்மா, வெளிர் நீலம் வேண்டும் என்றார். நீலப்பொடியை அளவாகக் கலந்து ஒரு சுவரை அடித்து முடித்தேன். எட்டிப் பார்த்தவர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டார். "மசிப்புட்டிய ஊத்துனாப்புல இருக்கே. கல்யாண வீடு தாயி இது" என்றார். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு இன்னும் சுண்ணாம்பை ஊற்றினேன்.

இரண்டாவது தடவை அடித்ததும் இன்னும் கருப்பாத்தான் இருக்கிறது என்றார். மறுபடியும் ஊற்றினேன். மறுநாள் காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நாலு சுவரும் பால் மாதிரி வெள்ளை. அவர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூணு தடவை அடிச்சியே தாயி, அம்புட்டு நீலமும் எங்கன போச்சு?"

பல்பு வெளிச்சம்

விருதுநகரில் வத்தல் வியாபாரம் பண்ணுகிற ஒரு முஸ்லிம் வீடு. கரண்டு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா பாத்திமா என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய், பலகையில் நாலு விதமான பச்சையைப் பூசிக் காட்டச் சொன்னார். உச்சி வெயிலில் பார்த்து, தளிர்ப்பச்சை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அடுப்படிக்கோ ஒரு ஜன்னல்கூட இல்லை, ஒரே ஒரு பல்புதான். பலகையை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பாருங்க என்று சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். கடைசியில் அந்தத் தளிர்ப்பச்சையையே நாலு சுவருக்கும் அடித்து முடித்தேன்.

பொழுது சாய அவர் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்தார். பல்புக்குக் கீழே ஆணம், அதாவது குழம்பு, கிண்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தவர் ஒரு அடி பின்னால் போய், "உனக்கு எப்பயிருந்து காமாலை?" என்றார். அப்புறம் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லோரும் வந்து விளக்கடியில் கையை நீட்டிப் பார்த்தார்கள். மாமியார் நாக்கையும் நீட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தார்கள். நான் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பாத்திமா அம்மா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, இந்தச் சொவத்துக்கு முன்னால நின்னு நான் பிரியாணியே போட்டாலும் ஆஸ்பத்திரிக் கஞ்சின்னுல்ல நெனைப்பாக."

லேபிள் சிவப்பு

சாத்தூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. மருமகள் தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், அச்சு அசல் இதே சிவப்பு வேண்டுமாம். காவியைச் சுண்ணாம்பில் எவ்வளவு போட்டாலும் சிவப்பு வராது, வெளுத்து ரோஸாகத்தான் போகும். சொல்லவில்லை. காய்ந்ததைப் பார்த்து அந்தப் பெண், "ஏக்கா, பல்பொடி டப்பாவுக்குள்ள நிக்குற மாதிரி இருக்கு" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். பாதி வேலையோடு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் எங்க வீட்டுக்காரர் வாளியை இறக்கி வைத்தார். அவரோடு சேர்ந்து வேலை பார்க்கிறவள் என்ற முறையில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தெரிஞ்சதைச் சொல்ல மாட்டேங்குற, கூப்பிடுற ஆள் பூராம் கையவிட்டுப் போகுது. நாளைக்குத் தாயில்பட்டியில ஒரு வீடு இருக்கு. அங்கயும் இப்படின்னா, திங்கக்கிழமை பட்டாசுக் கம்பெனி வண்டியில ஏறிரு, பிள்ளையை எங்க அக்கா பாத்துக்கிடும்."

வெள்ளிச் சுவர்

தாயில்பட்டி வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெரிய மீசை. நான் தூளியைக் கட்டிப் பிள்ளையைத் தூங்கப் போட்டதும், ஒரு டப்பாவோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அலுமினியப் பவுடர். மத்தாப்பில் வெள்ளியாக மின்னுகிறதே, அது. "இதைச் சுண்ணாம்புல கலந்து அடி. சுத்துவட்டாரத்துல எவன் வீட்டுலயும் இப்படி மினுங்காது" என்றார். மத்தாப்பு மருந்து அடுப்படிச் சுவரிலா என்று எனக்குப் பட்டது. ஆனால் மருந்தோடயே பிழைக்கிற மனுசருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது? கொட்டிக் கலக்கினேன். அவர் திருப்தியாக வெளியே போனார். அவர் மனைவி மூணு அடி தள்ளி அடுப்பில் உலை வைத்திருந்தார்.

வெள்ளையடிக்கிற நார் மட்டையை முக்கப் போனபோது வாளி கையில் சுட்டது.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். முந்தின நாளே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க நீற்றி, விடிய விடிய ஆறி, காலையில் ஜில்லென்று இருந்த சுண்ணாம்பு. ஒருதரம் ஆறின சுண்ணாம்பு மறுபடியும் சுடாது. இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். பவுடர் பட்டு ஏதோ வாயு கிளம்பி, உள்ளே குமிழ் குமிழாகக் கொப்பளித்து, நுரை வாளியை விட்டு மேலே ஏறியது. பக்கத்தில் அடுப்பு. தலைக்கு மேலே தூளி.

"அடுப்புல தண்ணிய ஊத்துங்க. பிள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் தொண்டையிலிருந்து வந்தது என்று எனக்கே அப்புறம்தான் புரிந்தது. அந்த அம்மா செம்புத் தண்ணீரை அடுப்பில் வீசிவிட்டுத் தூளியிலிருந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். நான் வாளியை முந்தானையால் பிடித்துத் தூக்கி, வாசல் மணலில் கவிழ்த்தேன். கூடத்திலிருந்த எங்க வீட்டுக்காரர் மட்டையும் கையுமாக வந்து நின்றார்.

போர்மேன் பீடியோடு வந்தார். "நல்ல பொடியப் பூராம் பாழாக்கிட்டியே, இதுல என்ன..." என்று நுரைமேல் குனிந்தார். "பீடியக் கீழ போடுங்க, தள்ளி நில்லுங்க" என்று கத்தினேன். அவர் போட்டார். ஆனால் நுரைமேலேயே போட்டார்.

டப்பென்று ஒரு சத்தம், ஒரு வெளிச்சம். பூப்பூவாகச் சிதறிய நுரை அடங்கியபோது போர்மேன் நின்ற இடத்திலேயே நின்றார். காயம் ஒன்றும் இல்லை. மீசையில் இடது பக்கம் மட்டும் இல்லை. தெருவே கூடிவிட்டது. பின்வாசல் வழியாக வந்த அந்த அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்தார். பிள்ளை முழித்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. போர்மேன் மீசையைத் தடவிப் பார்த்தார், அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார், கடைசியில் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏப்பா, அறுபது பேரை நான் ஏவுறேன், ஒரு ஆளு என்னைப் பாத்து இப்படிக் கத்துனது கெடையாது. இனிமே அந்த அடுப்படிக்கு என்ன கலருங்கிறத உன் பொஞ்சாதியே சொல்லட்டும், நாங்க வாயத் தொறக்கல."

வெளிர் மஞ்சள் சொன்னேன், காய்ந்த பிறகு பார்க்கச் சொன்னேன். திங்கக்கிழமை கம்பெனி வண்டி எங்க வாசலைத் தாண்டிப் போனபோது, பிள்ளைக்கு மடியில் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் காவி சலித்துக்கொண்டிருந்தேன்.

மூணு அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு சுவரைக் கெடுத்தவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, நாலாவதில் வாயைத் திறந்து பாதி மீசையோடு ஒரு மனுசரை விட்டுவந்த பிறகுதான் கலர் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது.