நேராக நின்ற வளையங்கள்

எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்துப் போயிருந்த வருடம் அது. அம்மா பகலெல்லாம் எஸ்டேட் பாலவாடியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, சாயங்காலம் பேசத் தெம்பில்லாமல் அடுப்படியில் நிற்பாள். அப்பாவுக்கு நடுவட்டம் என்ற எங்கள் மலையூரில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு போட்டோ ஸ்டுடியோ. நான் நாலாம் வகுப்பு. எனக்கென்ன களைப்பு என்று கேட்டால், வீட்டில் யாரும் சிரிக்காமல் இருந்ததுதான் என்று சொல்வேன்.

ஸ்டுடியோவின் பின்பக்கத்து இருட்டறையில் என்லார்ஜர் இருந்தது. ஒரு கம்பம், அதில் மாட்டிய விளக்குத் தலை. அதற்குள் நெகட்டிவை வைத்தால் கீழே பலகையில் படம் பெரிதாக விழும். அப்பா ஒரு திருகைத் திருப்பி அதைத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு காகிதத்தில் பதிப்பார். சில மாதங்களாக அந்தத் தெளிவுதான் வரவில்லை. ஒரே படத்தை மறுபடி மறுபடி போட்டார். வீணான காகிதங்கள் வாளியில் ஊறிக்கொண்டே கிடந்தன.

மிஷின் சாய்ந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. எதிர்ச்சாரியிலிருந்து இந்தக் கடைக்கு மாறியபோது, சாமான் தூக்கியவர்கள் கம்பத்தை இடித்துவிட்டார்களாம். அந்த ஆட்களை வாரம் ஒருமுறையாவது திட்டுவார்.

அப்போதுதான் மேல் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாள் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். கணவர் இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அப்பா எப்போதோ எடுத்த ஒரு நெகட்டிவைத் தவிர அந்த மனிதரின் முகம் வேறெங்கும் இல்லை. கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம் கேட்டிருந்தாள்.

"என்னா தம்பி, மூக்கெது முழியெதுன்னு வெளங்கலையே. இந்த ஊருப் பனி படத்துக்குள்ளயும் எறங்கிருச்சா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்பாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். "மிஷின் கோளாறுங்க. கருமாதிக்குள்ள சரி பண்ணித் தந்தர்றனுங்க" என்றார்.

சாய்வு பார்க்கும் கருவியை விலைக்கு வாங்குவது ஆகாத காரியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்க, அப்பா தன் சவரக் கண்ணாடியையும் கண்ணாடிக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு துண்டையும் எடுத்து வைத்தார். துண்டுக் கண்ணாடியின் முதுகில், நடுவே, பிளேடால் ரசத்தைச் சுரண்டி ஊடே பார்க்க ஒரு சிறு துளையளவு இடம் செய்தார். கண்ணாடியின் முகத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். அப்பா போட்ட வட்டம் கோணிக்கொண்டு போனது. அம்மா அதைத் துடைத்துவிட்டு, தைல பாட்டில் மூடியை வைத்துத் தன் கண்மையால் வரைந்து கொடுத்தாள்.

விளக்கையும் லென்ஸையும் கழற்றிவிட்டு, நெகட்டிவ் வைக்கும் இடத்தில் அந்தத் துண்டைக் கவிழ்த்து வைத்தார். கீழே பலகையில் சவரக் கண்ணாடி. பக்கத்தில் டார்ச் லைட். மேலிருந்து துளை வழியாகப் பார்த்தால், இரண்டு கண்ணாடிகளும் கண்மை வட்டத்தை ஒன்றுக்கொன்று காட்டிக்காட்டி வரிசையாகப் பெருக்கும். மிஷினின் தலை நேராக இருந்தால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் நிற்கும். சாய்ந்திருந்தால் ஒரு பக்கமாக ஓடிவிடும்.

"என்ற கழுத்து குனிய மாட்டேங்குது. நீ ஏறிப் பாரு, சாமி" என்றார் அப்பா.

ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். சாய்வு எப்படித் தெரியும் என்று, முதலில் சவரக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பக்கம் அட்டையைச் செருகிக் காட்டினார்.

"புழு மாதிரி வளைஞ்சு ஓடுதுப்பா!"

அட்டையை உருவினார். "இப்ப?"

வளையங்கள் அடுக்கி வைத்த வளையல்கள் போல நடுவில் வந்து நின்றன. "நேரா இருக்குதுப்பா."

"நல்லாப் பாரு."

"நேராத்தான் இருக்குது."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாகப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "நேராத்தானுங்க இருக்குது."

"அப்ப மிஷின்ல ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. நான் கை தட்டினேன். அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நல்ல சேதி சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூடச் சந்தோஷப்படவில்லையே.

வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது: தலை சாய்ந்த என்லார்ஜரில் படத்தின் ஒரு பக்கம் தெளிந்திருக்கும், இன்னொரு பக்கம் மங்கும். எங்கள் படங்களோ நாலு மூலையும் ஒரே மங்கல். இத்தனை வருடம் தொழில் செய்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் மிஷின்மேல் பழி போட ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அன்றைக்கு ஒரு தடவை பார்த்துவிட நினைத்திருக்கிறார். பிற்பாடு கோயம்புத்தூரில் கண் டாக்டர் சொன்னது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. இருந்த பார்வையைக் காப்பாற்றத்தான் முடிந்தது, போனது திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா முதல்முறையாக என்லார்ஜர் முன்னால் நின்றாள். "ஏனுங்க, நான் திருப்பிப் பாக்கட்டுங்களா?"

"மீசை முடி தனித்தனியாத் தெரியற வரைக்கும் திருப்பு."

"தெரியுதுங்க."

தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் அந்த மனிதரின் முகம் எழுந்து வந்தது. புருவத்துத் தழும்புவரை தெரிந்தது. அதற்குப் பிறகு பாலவாடி விட்டு வந்ததும் அம்மா நேராக இருட்டறைக்குத்தான் போவாள். அவள் களைப்பு இரண்டு மடங்கானது.

அந்த அம்மாள் வந்து படத்தை வாங்கினாள். முந்தானையால் கண்ணை ஒற்றிவிட்டு, "இதுதான் அவுக" என்றாள்.

"எங்க மிஷின்ல ஒரு கோளாறுமே இல்லீங்க. நான்தான் பாத்துச் சொன்னேன்" என்றேன் நான். அவள் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். படத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருமுறைகூட என்னைத் தடுக்கவில்லை.